முதலில் கடல், பிறகு ஆய்வகம்

மண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் வைத்திருக்கின்றன. காலையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மதியம் பாம்பன் பாலம், சாயங்காலம் அரை மணி நேரம் கால் நனைக்கக் கடற்கரை. படிப்பை முடித்தால் விளையாட்டு என்பது கணக்கு. நான் இந்த வரிசையை மாற்றிப் பல வருஷமாகிறது. எங்கள் பிள்ளைகள் விடிந்ததும் கடலில் இறங்குவார்கள். கயாக்கில் துடுப்புப் போடுவார்கள், முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விடுவார்கள். ஆய்வு நிலையம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்; அதுவும் மழை பெய்த வருஷத்தில். பையன்களில் பலர் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். பெண்பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயசுக்கு வந்தபின் கண்மாய்ப் பக்கமே விடமாட்டார்கள். இப்படி ஒரு வகுப்பை நேராக ஆய்வகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். விஞ்ஞானி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைகள் பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றதும் தரையைப் பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் காலையில் கடலில் கிடந்துவிட்டு வந்தால், விஞ்ஞானிக்கு டீ குடிக்க நேரம் கிடைக்காது.

இரண்டு கடலுக்கு நடுவே

மண்டபம் ஒரு குறுகலான நிலத்துண்டின் நுனி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போய்விடலாம். உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். மீனவர்கள் பருவத்துக்குத் தக்கபடி படகுகளை ஒரு கடலிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொள்வதும் உண்டு.

நாங்கள் இறங்கும் பிரப்பன்வலசை, ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், வடகடல் பக்கம் இருக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். அலை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. கயாக், நின்றபடி துடுப்புப் போடும் பலகை, ஸ்நார்கெலிங் எல்லாவற்றையும் உள்ளூர்ப் பயிற்சியாளர்களே கற்றுத்தருகிறார்கள். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் கடல் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கடல் அமைதியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. இது வடக்கு பார்த்த கரை. தெற்கிலிருந்து காற்று வந்தால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்தக் காற்றுதான் கயாக்கைக் கரையிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் கை ஓய்ந்துபோகும். பயிற்சியாளர்கள் தினமும் முதலில் பார்ப்பது தண்ணீரை அல்ல, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை. பிள்ளைகளையும் பார்க்கச் சொல்வேன். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் பத்து மணிக்குள் கயாக் வேலையை முடித்துவிடுவோம்.

ஓட்டை போட்ட படகு

முதல் கேள்வி எப்போதும் கயாக்கைப் பற்றியது. "டீச்சர், இதுல ஓட்டை இருக்கு!" உண்மைதான். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வெறும் குழாய்கள். படகின் உடம்பு நாலா பக்கமும் மூடிய காற்றுப் பெட்டி. துளை வழியே வரும் தண்ணீர் அதற்குள் போக முடியாது. உட்காரும் தளம் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால், அலை அடித்து மேலே ஏறிய தண்ணீர் துளை வழியே தானாக வடிந்துவிடும். கொஞ்சம் கனமான இருவர் ஒரே கயாக்கில் ஏறினால் தளம் தாழ்ந்து இருக்கை நனையும், படகு மூழ்காது. ஆர்க்கிமிடிஸைப் பலகையில் நடத்த ஒரு பீரியட் ஆகும். இங்கே தோழியோடு ஏறி இருக்கை நனைந்ததுமே விஷயம் புரிந்துவிடுகிறது.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு வேறொரு ஆச்சரியம் காத்திருக்கும். ஊரில் கைகாலை அசைத்தால்தான் மிதக்கிறவன், கடலில் சும்மா மல்லாந்து கிடக்க முடிவதைப் பார்த்துக் கத்துவான். கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் கிணற்றுத் தண்ணீர் சுமார் 1,000 கிலோ. உப்புக் கரைந்த கடல்நீர் சுமார் 1,025 கிலோ. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல், கிணற்றைவிட ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கிறது. தண்ணீருக்குள் உடம்பு ஏற்கெனவே மிதப்பதற்கும் அமிழ்வதற்கும் நடுவில் நிற்பதால், அந்த ஒன்றேகால் கிலோ பெரிய வித்தியாசம்.

முகமூடி மாட்டியதும் கையை நீட்டிப் பார்த்து, "விரல் பெருசா தெரியுது" என்பார்கள். நம் விழியின் முன்பக்கம் ஒளியைக் காற்றிலிருந்து வாங்கி வளைத்துப் பழகியது. தண்ணீரும் விழியும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால், வெறும் கண்ணுக்குக் கடலுக்குள் எல்லாமே கலங்கல். முகமூடி கண்ணுக்கு முன்னால் ஒரு காற்றறையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் ஒளி தண்ணீரிலிருந்து அந்தக் காற்றுக்குள் வரும்போது வளைவதால், பொருள் முக்கால் தூரத்தில் இருப்பதுபோலவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். மீன் பார்த்துவிட்டு வந்து "இவ்வளவு பெருசு" என்று கை விரிப்பவர்களிடம் கால் பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒரு மாணவி கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: "இந்தக் குழாயை நீளமாக்கினா இன்னும் ஆழம் போகலாம்ல?" போக முடியாது. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 100 கிராம் எடையோடு அழுத்துகிறது. நெஞ்சு முழுவதற்கும் கூட்டினால் ஒரு ஆளே மேலே உட்கார்ந்த கணக்கு. அந்த எடையைத் தள்ளிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க நம் தசைகளால் முடியாது. அதோடு, குழாய் நீண்டால் விட்ட மூச்சு வெளியேறாமல் குழாய்க்குள்ளேயே தங்கும். அடுத்த மூச்சில் அதே காற்று திரும்ப உள்ளே வரும். சுவாசப் பாடத்தில் பாதியை இந்த ஒரு கேள்வியே நடத்திவிட்டது.

காலடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்போது ஏதோ காலில் உரசும். "பாம்பு!" என்று ஒரு அலறல் கேட்கும். முகமூடி போட்டுக் குனிந்தால் பச்சைப் பசேலென்று புல். இதைப் பாசி என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. பாறையையோ சங்கையோ பற்றிக்கொண்டு நிற்கும். கடல்புல் அப்படியல்ல. நிலத்தில் தோன்றிய பூக்கும் தாவர வம்சத்திலிருந்து மறுபடி கடலுக்குப் போனது. மண்ணுக்குள் தண்டும் வேரும் ஓடுகின்றன. பூவும் பூக்கும், மகரந்தத்தை வண்டுக்குப் பதிலாகத் தண்ணீர் சுமக்கும். இந்தியாவில் காணப்படும் கடல்புல் இனங்களில் பெரும்பாலானவை பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன.

இந்தப் புல்லை நம்பித்தான் கடல்பசு வாழ்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 40 கிலோ வரை புல் தின்னும். ஓராண்டுக்கு மேல் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் வலையில் சிக்கி ஒன்று செத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுநாள் பிடிக்கும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. நாங்கள் இறங்கும் இடம் அதற்குத் தெற்கே இருக்கிறது. இதுவரை எங்கள் பிள்ளைகள் ஆவுளியாவைப் பார்த்ததில்லை. நண்டுக் குஞ்சு, இறால் குஞ்சு, புல் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் சின்ன மீன்கள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சந்தையில் விற்கும் பல மீன்களுக்கும் இறாலுக்கும் இதுதான் குழந்தைப் பருவ வீடு என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. நானும் சொல்வதில்லை. மதியத்துக்கு வைத்திருப்பேன்.

கரையேறும்போது பாதிப் பேருக்கு ஒரு குறை இருக்கும்: "டிவில காட்டுற மாதிரி தண்ணி தெளிவா இல்லியே?" இதற்கும் நான் வாய் திறப்பதில்லை.

மதியம், ஆய்வு நிலையத்தில்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. 1949 முதல் மண்டபம்தான் அதன் தலைமையிடமாக இருந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது, மண்டபம் மண்டல மையமாகத் தொடர்கிறது. மீன் காட்சியகமும் அருங்காட்சியகமும் இருப்பதால் பள்ளிகள் வருவது வழக்கம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கினால் குஞ்சு பொரிக்கும் பகுதியையும் பார்க்கலாம்.

ஆவுளியாவைக் கடலில் பார்க்க முடியாத ஏக்கத்துக்கு இந்த இடத்தின் பழைய கதை ஒன்று ஈடு செய்யும். 1959இல் பிடிபட்ட ஆணும் பெண்ணுமான இரண்டு கடல்பசுக்களை இங்கே குளத்தில் வைத்துப் பத்தாண்டுக்கு மேல் வளர்த்தார்கள். அப்போது நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் அவற்றைப் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். தினமும் மூட்டை மூட்டையாகப் புல் வேண்டுமே, யார் பறித்தார்கள் என்று ஒரு பையன் கேட்டான். அன்று காலைதான் அவன் அந்தப் புல்லில் ஓர் இலையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருந்தான். அது எவ்வளவு உறுதியாக மண்ணைப் பிடித்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

குஞ்சு பொரிப்பகம்தான் பயணத்தின் உச்சம். 2010இல் கடல்விரால் எனப்படும் கோபியா மீனை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தது இந்த மையம். அடுத்த ஆண்டு சில்வர் பொம்பானோ. கோபியாவைத் தேர்ந்தெடுக்க அதன் வளர்த்திதான் காரணம். கடலில் மிதக்கும் கூண்டில் விட்டால் ஆறேழு மாதத்தில் இரண்டு, மூன்று கிலோ தேறும். தாய் மீன்களைக் கூண்டில் வளர்த்து, முட்டை முதிர்ந்ததும் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். முட்டைகள் தண்ணீரில் மிதக்கும். ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும்.

கஷ்டம் அதன்பிறகுதான். பொரித்த குஞ்சுக்கு வாய்கூடத் திறந்திருக்காது. மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு முதல் இரண்டு நாள் ஓட்டும். மூன்றாம் நாள் வாய் திறக்கும்போது அந்த வாய்க்குள் நுழையும் அளவில், உயிரோடு நெளிகிற இரை தயாராக இருக்க வேண்டும். அதற்காகவே ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரியைத் தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள். ரோட்டிஃபருக்குத் தீனி, அதைவிடச் சிறிய பச்சை நுண்பாசி. அதைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கிறார்கள். குஞ்சு கொஞ்சம் பெருத்ததும் ஆர்ட்டீமியா என்ற சிறு இறால் வகை, அதற்கப்புறம் உலர் தீனி. கைக்குழந்தைக்குப் பால், பருப்புச் சாதம், பிறகு சோறு என்று படிப்படியாகப் பழக்கும் அதே பொறுமைதான். ஒரு குடுவைப் பாசி கெட்டுப்போனால் அந்தச் சங்கிலி முழுக்க அறுந்து, மூன்றாம் நாள் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

ரோட்டிஃபரை நுண்ணோக்கியில் காட்டும் இடத்தில்தான் காலையின் குறைக்கு விடை கிடைக்கும். தண்ணீர் தெளிவாக இல்லாததற்கு மணல் ஒரு காரணம். மற்றது இந்த மாதிரியான கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அந்தக் கலங்கல்தான் மீனின் சோறு. தெளிந்த கடல் பார்க்க அழகாக இருக்கலாம், அங்கே தின்பதற்குக் குறைவு. காலையில் அலுத்துக்கொண்ட மாணவி இதைக் கேட்டதும், "அப்ப நாம வாயில போனதையும் கக்கிட்டோமே, அதுலயும் இருந்திருக்குமா?" என்றாள். இருந்திருக்கும் என்று விஞ்ஞானி சொன்னதும், வகுப்பே துப்புவதுபோல ஒரு சத்தம்.

பதினோராம் வகுப்புப் பாடத்தில் வரும் பலனோகுளோசஸ் என்ற புழு, பாம்பனுக்குப் பக்கத்திலிருக்கும் குருசடைத் தீவின் மணலில் வாழ்வது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ள உதவும் உயிரி என்பதால் விலங்கியல் படிக்கிறவர்களுக்கு அந்தத் தீவு நெடுங்காலமாகத் தெரிந்த பெயர். பாடப்புத்தகத்து உயிரி நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை வகுப்பறையில் நான் பார்த்ததில்லை.

பாசி எடுக்கும் அக்காக்கள்

திரும்பும் வழியில் மண்டபத்துக் கரையோரத்தில் மூங்கில் மிதவைகள் தெரியும். கப்பாஃபைகஸ் என்ற பாசியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு 45 நாளில் அறுக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இது நல்ல வருமானம். பாசி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. குருசடைப் பக்கம் பவளப் பாறைகளின் மேல் படர்ந்ததால் அதன்மேல் கேள்விகளும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டுப் பேருந்தில் விவாதிக்க விடுவேன்.

தென்கடலில் வேறு வகைப் பாசிகள் தானாக வளர்கின்றன. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று பெயர்கள். பாம்பனுக்குப் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறையாக மூச்சைப் பிடித்து முங்கி இவற்றைப் பறிக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகர் இந்த மாதிரிப் பாசியிலிருந்துதான் வருகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இவர்கள் தொழில் நெருக்கடிக்கு உள்ளானது. மாதத்தில் 12 நாள் மட்டுமே முங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

கண்மாய்ப் பக்கம் போகாதே என்று வளர்க்கப்பட்ட என் மாணவிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். அன்று காலை ஒரு குழாயை வாயில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் குப்புறக் கிடப்பதற்கே அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். குழாயும் இல்லாமல் நாள் முழுக்க முங்கும் அக்காக்களை அவர்கள் பரிதாபமாகப் பார்ப்பதில்லை, மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு

கல்வி அலுவலகத்தின் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பெற்றோரிடம் "கடலைப் பார்க்கப் போகிறோம்" என்று மழுப்பாமல், தண்ணீரில் இறக்குவோம் என்று நேராகச் சொல்லுங்கள். அம்மாக்களைக் கூட்டி வைத்து லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீரும். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். நீச்சல் தெரிந்தவருக்கும் ஜாக்கெட் உண்டு, விதிவிலக்கு கிடையாது. பெண்பிள்ளைகள் ஷாலை வைத்துவிட்டு டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட்டு வர வேண்டும். தண்ணீரில் துணி கையைச் சுற்றுவதைப்போல ஆபத்து வேறில்லை.

இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள்; ஜோடி பிரியக் கூடாது. கடலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் தீண்டினால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டாம், கடல்நீரில் கழுவிவிட்டு உடனே பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

இறங்க விரும்பாத பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். காரணம் கேட்காதீர்கள். அவர்களுக்குக் கரையில் வேலை கொடுங்கள்: தண்ணீரின் வெப்பநிலை, கம்பில் கட்டிய ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது, கயாக் போன நேரம், வந்த நேரம், தலை எண்ணிக்கை. எங்கள் நோட்டுகளில் மிக ஒழுங்கானவை இந்தக் கரைக்காரர்கள் எழுதியவை. மதியம் அந்த நோட்டைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் பேச்சைத் தொடங்குவார்கள்.

மாதம் எது என்று கேட்பார்கள். அரையாண்டு விடுமுறை வசதிதான், ஆனால் அப்போது வாடை ஓய்ந்திருக்காது. பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை எங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது. செய்முறைத் தேர்வு இடிக்கும் என்று தலைமையாசிரியர் முகம் சுளிப்பார், பேசிச் சமாளித்துக்கொள்ளுங்கள். தேர்வு அட்டவணையைத் தள்ளிவைத்து, காற்றைப் பார்த்துத் தேதி குறிக்கிற பள்ளிக்குத்தான் கடல் பாடம் நடத்தும்.